போதும் என்னும் குரல்: உடல் எடையும் உயிரணு ஏற்பியும்

உடல் பருப்பதும் மெலிவதும் எதனால் என்னும் வினா மிகப் பழையது. உண்பவன் வாயைக் கட்டாததால் பருக்கிறான் என்பது உலகோர் பெரும்பாலும் தந்துவந்த விடை. பெருந்தீனி உண்பவனைப் பழித்தல் எல்லா நாட்டு அறநூல்களிலும் உண்டு. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரமும் முன் உண்டது அற்றபின் அளவறிந்து உண்ணுமாறு பணிக்கிறது. ஆனால் அளவு என்பதை உடல் எவ்வாறு அறிகிறது? போதும் என்று உள்ளிருந்து சொல்வது யாது? அச்சொல் எழாதவனையும், எழுந்தும் கேளாதவனையும் ஒரே தராசில் நிறுத்துப் பழிப்பது முறையா? இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாறு கடந்த எழுபது எண்பது ஆண்டுகளில்தான் தெளிவுபெற்றது. அவ்வரலாற்றின் ஓர் ஏடு பேராக் மாநிலத்தின் பழைய நெடுஞ்சாலையில், சிலிம் ரிவருக்கு வடக்கே சுங்காய், பீடோர், தாப்பா ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் கம்பார் நகரத்திலும் எழுதப்பட்டிருப்பது மலேசியத் தமிழர் அறிய வேண்டிய செய்தியாகும்.

இதனை அறிவதால் வரும் பயன் வெறும் அறிவியல் இன்பம் அன்று. 2019 ஆம் ஆண்டில் மலேசிய நல்வாழ்வுத் துறை நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மிகை எடையோ பருமனோ உடையவர்கள். இந்தியருள் இவ்வளவு 63.9 விழுக்காடு. நீரிழிவோ நாட்டினர் அனைவரிலும் 18.3 விழுக்காடாக இருக்க, இந்தியருள் 31.4 விழுக்காடாக இருந்தது. இவ்வெண்களைக் காண்போர் இரண்டு முடிவுகளுள் ஒன்றிற்கு எளிதில் வந்துவிடுவர். ஒன்று, இந்தியர் உணவில் கட்டுப்பாடு அற்றவர் என்பது. மற்றொன்று, இஃது இந்தியர் இரத்தத்திலேயே உள்ளது, செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது. முன்னது பழி, பின்னது விதிவாதம். இரண்டும் சரியா என்பதை ஆராயவே இவ்வரலாறு வேண்டும்.

புழுங்கலரிசி தந்த பாடம்

மரபைப் பற்றிப் பேசுமுன் மலாயாவில் நடந்த வேறோர் ஆராய்ச்சியை நினைவுகூர்தல் நலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டைப் பெரிதும் வாட்டிய நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்று இறந்தோர் ஆயிரக்கணக்கினர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரை இந்நோய் பெரிதும் தாக்கிற்று. தோட்டங்களில் உழைத்த தமிழரை ஏறக்குறைய விட்டுவிட்டது. ஓரினத்தாரை வாட்டி மற்றோரினத்தாரை விடும் நோயைக் காணும்போது, இனத்தின் உடற்கூற்றிலேயே ஏதோ வேறுபாடு இருக்க வேண்டும் என எண்ணத் தோன்றுவது இயல்பு. ஒட்டுவாரொட்டி நோய் என்று எண்ணினோரும், இடத்தின் குற்றம் என்று எண்ணினோரும் அன்று பலர்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன், வேறுபாடு சோற்றில் இருக்கிறது என்றார். தமிழர் உண்டது நெல்லை அவித்துக் குற்றிய புழுங்கலரிசி. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. 1905 ஆம் ஆண்டில் பிளெச்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இருந்தோரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினர்க்குப் பச்சரிசியும் மற்றவர்க்குப் புழுங்கலரிசியும் அளித்துப் பார்த்தார். பச்சரிசி உண்டோரிடையே நோய் பரவிப் பலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரிடையே அது புதிதாகத் தோன்றவில்லை. பின்னர்க் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் சாலைப்பணி செய்த சாவகத் தொழிலாளரிடம் இதனையே சோதித்து, 1909 இல் தம் முடிவை வெளியிட்டனர். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு பொருளின் குறையே நோய்க்குக் காரணம் என்பது நிலைபெற்றது. நெல்லை அவிக்கும்போது அப்பொருள் அரிசிமணியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது. பிற்காலத்தில் அதற்கு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது.

தமிழரைக் காத்தது தமிழ் இரத்தம் அன்று, தமிழர் அடுப்படி. இந்தப் பாடத்தை மனத்தில் இருத்திக்கொண்டு உடல் எடையின் வரலாற்றுக்குள் புகுதல் வேண்டும். ஏனெனில் அங்கே மரபுக்கு உண்மையாகவே பெரிய இடம் உண்டு. எங்கே இனம் என்பது தவறான விடை, எங்கே மரபு என்பது சரியான விடை என்று பிரித்தறிவதில்தான் நுட்பம் இருக்கிறது.

ஏற்பி என்னும் சொல்

பிளெச்சர் அரிசிச் சோதனை செய்த அதே 1905 ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாங்லி என்னும் உடலியல் அறிஞர் ஒரு கருத்தை வெளியிட்டார். மருந்தோ உடற்சாறோ உயிரணுவின்மேல் வேலை செய்ய வேண்டுமாயின், அதனை ஏற்றுக்கொள்ளும் தனிப்பொருள் ஒன்று உயிரணுவில் இருத்தல் வேண்டும் என்பது அக்கருத்து. செருமானிய அறிஞர் எர்லிக்கும் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்திருந்தார். இதனைத்தான் இன்று தமிழில் ஏற்பி என்கிறோம். ஏற்பது ஏற்பி, பொருத்தமான சொல்லே. இரத்தம் வழியாக நூறு வகைச் சாறுகள் ஓடுகின்றன. ஒவ்வோர் உயிரணுவும் அவை அனைத்துக்கும் செவிகொடுப்பதில்லை. தன் புறத்தோலில் எந்த ஏற்பி பொருந்தியுள்ளதோ, அதற்குரிய சாறு வந்து தொடும்போது மட்டுமே அஃது அசைந்து கொடுக்கிறது. பூட்டும் திறவுகோலும் போல என்று ஆசிரியர்கள் வகுப்பில் சொல்வதுண்டு.

மரபணுவைக் குறிக்கும் ஜீன் என்னும் சொல்லை 1909 இல் டென்மார்க்கைச் சேர்ந்த யோகான்சன் உருவாக்கினார். ஒவ்வோர் ஏற்பியும் ஒரு புரதம். அப்புரதத்தை எப்படிக் கட்டுவது என்னும் குறிப்பு மரபணுவில் எழுதப்பட்டுள்ளது. அக்குறிப்பில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் ஏற்பியின் வடிவம் கெடக்கூடும். வடிவம் கெட்ட ஏற்பி, துருப்பிடித்த பூட்டுப் போன்றது. திறவுகோல் எத்தனை வந்தாலும் பயனில்லை.

இரு பருத்த சுண்டெலிகள்

உடற்கொழுப்பின் அளவை மூளை அறிந்துகொள்கிறது என்று 1953 ஆம் ஆண்டில் கென்னடி என்பவர் கருதினார். கொழுப்புத் தன் அளவை உணர்த்தும் ஏதோ ஒரு செய்தியை இரத்தத்தில் விடுக்கிறது என்பது அவர் கொள்கை. அச்செய்தி யாது என்பது அன்று ஒருவர்க்கும் தெரியாது.

வழிகாட்டியது ஒரு சுண்டெலி. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் என ஒன்றுண்டு. ஆராய்ச்சிக்கான சுண்டெலிகளை வளர்ப்பது அதன் தொழில். அங்கே 1949 ஆம் ஆண்டில், ஓயாமல் தின்று உருண்டு திரண்ட சுண்டெலி வகை ஒன்று தோன்றிற்று. ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் கழித்து, அதைப் போன்றே பருத்து, நீரிழிவும் கொண்ட மற்றொரு வகை தோன்றிற்று. இரண்டும் வெவ்வேறு மரபணுக் கேட்டினால் வந்தவை. முதலாவதைப் பருமன் எலி என்றும் இரண்டாவதை நீரிழிவு எலி என்றும் இங்கே குறிப்பிடலாம்.

கானடாவில் பிறந்த டக்ளஸ் கோல்மன் என்பவர் இவ்விரண்டையும் வைத்துச் செய்த சோதனை, எளிமையினால் அழகு பெற்றது. இரண்டு சுண்டெலிகளின் உடலை ஒட்டித் தைத்து, ஒன்றன் இரத்தம் மற்றொன்றிற்குச் செல்லுமாறு செய்தார். நீரிழிவு எலியை இயல்பான எலியோடு இணைத்தபோது, இயல்பான எலி உணவைத் தொடாமல் பட்டினியால் இறந்தது. நீரிழிவு எலியைப் பருமன் எலியோடு இணைத்தபோது, அதுகாறும் ஓயாது தின்ற பருமன் எலியும் உண்பதை நிறுத்தி இறந்தது. பருமன் எலியை இயல்பான எலியோடு இணைத்தபோதோ, பருமன் எலி உண்ணும் அளவைக் குறைத்துக்கொண்டது; இரண்டும் பிழைத்தன.

இவற்றிலிருந்து கோல்மன் கண்ட முடிவு இது. போதும் என்று சொல்லும் ஒரு சாறு இரத்தத்தில் உண்டு. பருமன் எலி அச்சாற்றைச் சுரக்க இயலாதது. ஆனால் பிறர் தந்தால் கேட்டுக்கொள்ளும். நீரிழிவு எலியோ அச்சாற்றை வெள்ளமாகச் சுரக்கிறது. ஆனால் அதன் சொல்லைத் தானே கேட்கும் ஆற்றல் இல்லை. ஒன்று ஊமை, மற்றொன்று செவிடு. 1973 ஆம் ஆண்டளவில் இம்முடிவு வெளியாகியும், சாற்றைக் கண்ணால் காட்டாதவரை நம்புவதற்கில்லை என்றோர் பலர். உண்ணுதல் மனத்தின் செயல், அதனைச் சாறு ஆளுமா என்பது அவர்கள் தடை.

காட்டியவர் நியூயார்க்கில் ராக்கபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெப்ரி பிரீட்மன். எட்டாண்டு உழைப்பின் பயனாக, 1994 ஆம் ஆண்டின் இறுதியில் அவரும் உடனுழைத்தோரும் பருமன் எலியின் கெட்ட மரபணுவைக் கண்டுபிடித்தனர். அதனால் ஆகும் சாற்றுக்கு லெப்டின் என்று பெயரிட்டனர். மெல்லிய என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. அச்சாறு பிறக்கும் இடம் வேறெதுவும் அன்று, கொழுப்பே. கென்னடி எண்ணியது உண்மையாயிற்று. மறு ஆண்டு, 1995 இல், டார்டாக்லியா என்பவரும் குழுவினரும் லெப்டினை ஏற்கும் ஏற்பியையும் கண்டனர். 1996 இல், நீரிழிவு எலியில் கெட்டிருப்பது அந்த ஏற்பியின் மரபணுவே என்பது உறுதியாயிற்று. இருபது ஆண்டுகளுக்கு முன் கோல்மன் ஊகித்தது எழுத்துக்கு எழுத்துச் சரியாக அமைந்தது. 2010 ஆம் ஆண்டில் கோல்மனுக்கும் பிரீட்மனுக்கும் லாஸ்கர் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

மாந்தரில் கண்ட சான்று

சுண்டெலியில் உள்ளது மனிதரிலும் உண்டா? இதற்கு விடை தந்தவர் பாகிஸ்தானிய மரபினரான இரண்டு குழந்தைகள். இங்கிலாந்தில் வாழ்ந்த அவ்விருவரும் உறவினர். பெற்றோரும் உறவுக்குள் மணந்தவர். பிறந்தபோது இயல்பான எடையுடன் இருந்த அவர்கள், சில மாதங்களிலேயே அடங்காப் பசியால் வீங்கத் தொடங்கினர். 1997 ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஓராகிலியின் குழுவினர், அவர்கள் இரத்தத்தில் லெப்டின் ஏறத்தாழ இல்லை என்பதையும், அதற்குரிய மரபணு கெட்டிருப்பதையும் வெளியிட்டனர்.

1999 ஆம் ஆண்டில் பாரூக்கியும் உடனாய்ந்தோரும் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்பானது. ஒன்பது வயதில் 94.4 கிலோ எடையுடன் இருந்த சிறுமிக்கு லெப்டினை ஊசிவழி அளித்து வந்தனர். ஓராண்டில் அவள் எடை 16.4 கிலோ குறைந்தது. பிறர் உணவைக் கண்டாலும் அடங்காதிருந்த பசி, மற்றப் பிள்ளைகளின் பசியைப் போல் ஆயிற்று. அவளை எவரும் கடிந்துகொள்ளவில்லை, ஒழுக்கநூல் புகட்டவில்லை. உடலில் இல்லாத ஒரு சொல்லை உடலுக்குத் தந்தனர், அவ்வளவே. அச்சிறுமியைப் பெருந்தீனிக்காரி என்று முன்பு பழித்தோர் உண்டென்றால், அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் இது.

1998 ஆம் ஆண்டில் அல்சீரிய மரபினரான மூன்று உடன்பிறந்த பெண்களிடம் கெட்ட ஏற்பி காணப்பட்டது. இவர்கள் இரத்தத்தில் லெப்டின் மிகுதியாக இருந்தது, கேட்பார் இல்லை. இவர்களுக்கு லெப்டின் ஊசியால் பயனில்லை. ஊமைக்குச் சொல்லைத் தரலாம். செவிடர்க்குச் சொல்லைப் பெருக்கி என்ன செய்வது?

இதனோடு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இத்தகைய முழுக்கேடு உலகில் மிகமிக அரிது. தெருவில் காணும் பருத்தவர் ஏறத்தாழ எல்லோருக்கும் லெப்டினும் உண்டு, ஏற்பியும் உண்டு. கொழுப்பு மிகுந்தவர்க்கு லெப்டினும் மிகுந்தே இருக்கிறது. மூளைதான் அதற்குப் போதிய அளவு செவிசாய்ப்பதில்லை. ஆகையால், லெப்டினைக் கண்டவுடன் பருமனுக்கு மருந்து கிடைத்தது என்று உலகம் கொண்ட மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை.

மஞ்சள் எலியும் நான்காம் ஏற்பியும்

லெப்டினின் சொல்லை மூளை கேட்டபின் நடப்பது என்ன? அதனைக் காட்டியது மஞ்சள் நிறச் சுண்டெலி. மயிர் மஞ்சளாகவும் உடல் பருத்தும் இருக்கும் இவ்வகை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஆராய்ச்சியாளர்க்குத் தெரிந்ததாகும். மயிரின் நிறத்துக்கும் வயிற்றின் பசிக்கும் என்ன தொடர்பு என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது.

மெலனோகார்ட்டின் என்பது ஒரு சாற்றுக் குடும்பம். அதனை ஏற்கும் ஏற்பிகள் ஐந்து. முதலாவது தோலிலும் மயிரிலும் இருந்து நிறத்தை ஆள்கிறது. நான்காவது மூளையில் இருந்து பசியை ஆள்கிறது. மஞ்சள் எலியின் உடலெங்கும், இவ்வேற்பிகளை அடைத்துக்கொள்ளும் புரதம் ஒன்று அளவின்றி உண்டாகிறது. தோலில் அடைத்தால் மயிர் மஞ்சளாகிறது. மூளையில் அடைத்தால் பசி அடங்குவதில்லை. 1990 களில் ரோஜர் கோனும் பிறரும் இதனை விளக்கினர். 1997 இல், நான்காம் ஏற்பியின் மரபணுவை நீக்கிய எலியும் பருத்துப் போவது நிறுவப்பட்டது.

மனிதரில் எம்சி4ஆர் எனப்படும் இந்நான்காம் ஏற்பியின் மரபணு பதினெட்டாம் நிறப்புரியில் இருக்கிறது. 332 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதம். உயிரணுவின் புறத்தோலை ஏழு முறை ஊடுருவிச் செல்வது. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் மூளையின் அடிப்பகுதியை அடைகிறது. அங்குள்ள நரம்பணுக்கள் மெலனோகார்ட்டினை விடுக்கின்றன. அது நான்காம் ஏற்பியைத் தொடுகிறது. உண்டது போதும் என்னும் உணர்வு பிறக்கிறது. இவ்வாறு ஒருவர் சொல்ல மற்றொருவர் கேட்டுச் சொல்லும் தொடரில் எந்தக் கண்ணி அற்றாலும் பசி அடங்காது.

1998 ஆம் ஆண்டில் இவ்வேற்பியின் மரபணுக்கேடு மனிதரிலும் காணப்பட்டது. 2003 ஆம் ஆண்டில், இளமையிலேயே கடும்பருமன் கொண்ட 500 பேரை ஆராய்ந்தபோது 5.8 விழுக்காட்டினரிடம் இக்கேடு இருந்தது. ஒரே மரபணுவால் வரும் பருமனுள் இதுவே மிகப் பரவலானது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்தில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு 2021 இல் வெளியாயிற்று. ஏறத்தாழ ஆயிரத்தில் மூவரிடம் இக்கேடு இருப்பதும், அவர்கள் பதினெட்டு வயதில் மற்றவரினும் சராசரி 17 கிலோ மிகுந்திருப்பதும் அதனால் தெரியவந்தன. பெரிய பள்ளியாயின் அங்கே இத்தகைய பிள்ளை ஓரிருவர் இருக்கக்கூடும். இதற்கு மாறாக, ஏற்பி கூடுதலாக விழித்திருக்கும் மாறுதல்களும் உண்டு. அவற்றை உடையோர் பருமனாகும் இடர் குறைந்திருப்பது 2019 இல் அறியப்பட்டது. எதை உண்டாலும் சதை பிடிக்காதவர் என்று ஊரார் வியப்போருள் சிலர் இவ்வகையினராகலாம். 2020 ஆம் ஆண்டின் இறுதியில், இந்நான்காம் ஏற்பியை நேரே தட்டியெழுப்பும் செட்மெலனோடைட் என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசு இசைவளித்தது. லெப்டின் ஏற்பி கெட்டவர்க்கு லெப்டினால் பயனில்லை என மேலே கண்டோம். அவர்க்கு இம்மருந்து உதவுகிறது. தொடரின் நடுக்கண்ணி அற்றபோது, கடைக்கண்ணியை நேரே பற்றியிழுப்பது போன்றது இம்முறை.

தமிழர் வாழும் இடங்களில்

அரிய கேடுகளை விடுத்து, பெரும்பாலோரிடம் காணும் சிறு வேறுபாடுகளை நோக்குதல் இனி வேண்டும். 2008 ஆம் ஆண்டில் இலண்டனின் மேற்குப் பகுதியில் வாழும் இந்திய மரபினர் 2,684 பேரின் மரபுப்பொருள் முழுவதையும் துழாவி ஆராய்ந்த சேம்பர்சு, கூனர் முதலியோர், எம்சி4ஆர் மரபணுவின் அருகே உள்ள ஓரெழுத்து வேறுபாட்டுக்கும் இடைச்சுற்றளவுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டனர். அவ்வெழுத்தைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்க்கு இடை ஏறத்தாழ 2 செண்டிமீட்டர் மிகுந்திருந்தது. அவ்வெழுத்து ஐரோப்பியரினும் இந்திய மரபினரிடம் சற்று மிகுதி. தமிழகத்தில் வேலூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்து, பிறப்பு முதலே அளந்து பதியப்பட்டோர் இரண்டாயிரவர்க்கு மேற்பட்டோரிடம் இதே இடமும், எப்டிஓ என்னும் மற்றொரு மரபணுவும் ஆராயப்பட்டு, முடிவுகள் 2012 இல் வெளிவந்தன.

மலேசியாவில் இவ்வாராய்ச்சி கம்பாரில் நிகழ்ந்தது. அங்குள்ள துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், கம்பார் அரசு உடல்நல நிலையத்துக்கு வருவோருள் மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தவர் ஏறத்தாழ நானூறு பேரின் இரத்தத்தைப் பெற்று, லெப்டின் மரபணுவிலும் லெப்டின் ஏற்பியின் மரபணுவிலும் உள்ள வேறுபாடுகளை ஆராய்ந்து 2014 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஈயத்தாலும் பால்மரத்தாலும் வளர்ந்த வட்டாரத்து எளிய மக்களின் உடல், பார் ஹார்பர் சுண்டெலியின் வழியே தொடங்கிய உலக ஆராய்ச்சியில் இவ்வாறு இடம்பெற்றது. இலண்டனில் வாழ்வோரைக் கொண்டே இந்திய உடலை அறிய வேண்டிய நிலை மாறி, பேராக் மக்களின் உடலைப் பேராக்கிலேயே அறியும் முயற்சி தொடங்கியது சிறு செய்தி அன்று.

இங்கே இரண்டு செண்டிமீட்டர் என்பதை நின்று நோக்குதல் வேண்டும். துரும்பு என்று தள்ளவும் கூடாது. மலை என்று மலைக்கவும் கூடாது. இத்தகைய சிறு வேறுபாடுகள் பல சேர்ந்தே ஒருவரின் பாங்கு அமைகிறது. ஆனால் ஒரு தலைமுறையில் ஓர் இனத்தின் இடைச்சுற்றளவு பெருகியதற்கு அவை விடை ஆகா.

மரபா, உணவா?

மரபின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. தத்துக்கொடுக்கப்பட்ட தேனிஷ் நாட்டினர் 540 பேரை ஆராய்ந்து, 1986 இல் ஸ்டங்கார்டு வெளியிட்ட முடிவு புகழ்பெற்றது. வளர்ந்தபின் அவர்கள் எடை, பெற்றவரின் எடையை ஒத்திருந்தது. வளர்த்தவரின் எடையை ஒத்திருக்கவில்லை. ஒரே உணவுச் சூழலில் யார் பருப்பார், யார் பருக்கமாட்டார் என்பதை மரபு பெரிதும் வகுக்கிறது. ஆனால் சூழல் மாறும்போது எல்லோரும் ஒருசேர மாறுவது மரபால் அன்று. மரபணு இரண்டு மூன்று தலைமுறைகளில் மாறிவிடுவதில்லை.

தோட்டத்தில் வளர்ந்தோர்க்கு இதனை விளக்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உண்டாக்கிய ஆர்ஆர்ஐஎம் 600 என்னும் ஒட்டுமரம் அனைவரும் அறிந்தது. ஒட்டுக்கட்டிய மரங்கள் எல்லாம் மரபில் ஒன்றே. ஆயினும் சரிவில் நட்டது ஒரு பால் தரும். சதுப்பில் நட்டது வேறு பால் தரும். உரமும் மழையும் வெட்டுவோர் கையும் வேறுபட்டால் பால் வேறுபடும். மரபு ஒன்று, விளைவு பல. அதனால் ஒட்டுவகையில் பயனில்லை என்று எவரும் சொல்வதில்லை. வகையும் வேண்டும், வளர்ப்பும் வேண்டும்.

தோட்டத் தமிழரின் வளர்ப்பு எத்தகையது? கங்காணிகளின் வழியாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் வறட்சியாலும் வறுமையாலும் உந்தப்பட்டவர். வந்த இடத்தில் விடியலுக்குமுன் எழுந்து மேடும் பள்ளமும் ஏறியிறங்கி உழைத்தவர். 1942 ஆம் ஆண்டு ஜனவரி 7 ஆம் நாள் ஜப்பானியக் கவச வண்டிகள் துரோலாக் வழியாகச் சிலிம் ரிவர்ப் பாலத்தை எட்டிய பிறகு, அரிசி வரத்து நின்று மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. ஆடவர் பலர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். பசியே அக்காலத்து நோய். அப்பசியினூடே கருவுற்றுப் பிறந்து வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், தோட்டத்தை விட்டு நகர்ப்புறத்திற்குக் குடிபெயர்ந்து, நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைக்கும், தீட்டிய வெள்ளரிசிக்கும், ரொட்டி சானாய்க்கும், டின்பால் கலந்த இனிப்புத் தேநீருக்கும் வந்துசேர்ந்தனர். பால்மரக் காடுகள் செம்பனைக் காடுகளாக மாறிய வேகத்தினும் இம்மாற்றம் விரைவானது.

கருவில் பட்ட பசி பின்னாளில் உடலை மாற்றும் என்பதற்குச் சான்று உண்டு. 1944-45 பனிக்காலத்தில் செருமானியர் முற்றுகையால் ஆலந்தில் பெரும்பஞ்சம் நேர்ந்தது. கருவின் முதற்பாதியில் அப்பஞ்சத்துக்கு உட்பட்ட ஆண்மக்கள் பத்தொன்பது வயதில் பருமனாயிருக்கும் வாய்ப்பு மிகுதி என்பது 1976 இல் வெளியாயிற்று. இந்தியாவில் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போது எடை குறைந்தும் கொழுப்பு மிகுந்தும் இருப்பதைக் காட்டினார். அங்கே சராசரிப் பிறப்பெடை ஏறத்தாழ 2.7 கிலோ, ஒப்பிட்ட ஆங்கிலக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. அவரும் ஆங்கிலேயரான யட்கினும் 2004 இல் தம் உடலையே சான்றாகக் காட்டினர். உயரத்தோடு ஒப்பிட்ட எடைக்குறி இருவர்க்கும் 22.3, ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடலில் 21.2 விழுக்காடு! மெலிந்து காணப்படுவதால் நலம் என்று இந்தியர் அமைதிகொள்ள இயலாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

கல்வி செய்ய வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் உண்மைகள் இவை. பசி என்பது மனத்திண்மையின் அளவுகோல் அன்று. உடலில் ஓடும் சொல்லும் கேட்கும் செவியும் சேர்ந்து நடத்தும் வினை. அச்செவியின் கூர்மை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அவ்வேறுபாடு பிறப்போடு வருவது. எனினும், எத்தகைய உணவை எவ்வளவு எளிதில் எட்டுமாறு வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே அவ்வேறுபாடு எடையாக வெளிப்படுகிறது. மந்தமான செவியுடையவன் அமைதியான வீட்டில் நன்றாகக் கேட்பான். சந்தைக் கூச்சலில்தான் தடுமாறுவான். இன்றைய உணவுக்கடைகள் எல்லாம் சந்தைக் கூச்சல்களே.

ஆதலின் பள்ளிகளில் பருத்த பிள்ளையைப் பட்டப்பெயர் சூட்டி அழைக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். அஃது அறிவுக்கும் பொருந்தாது, அறத்துக்கும் பொருந்தாது. வெட்கத்தால் எந்த ஏற்பியும் திறந்ததில்லை. கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே அடங்காப் பசியுடன் மிகப் பருத்துவரும் பிள்ளையைக் கண்டால், கடிந்துகொள்வதினும் மருத்துவரிடம் அனுப்புவதே ஆசிரியரின் கடன். ஐந்து வயதில் கண்டறிந்தால் ஆவது பல. அதே வேளையில், எங்கள் குடும்ப உடல்வாகு அப்படி என்று கைவிரிக்கும் பெற்றோர்க்குப் புழுங்கலரிசியின் கதையை எடுத்துச்சொல்லுதல் வேண்டும். ஒரு காலத்தில் இந்நாட்டுத் தமிழரைக் கொடுநோயினின்று காத்தது அவர்கள் சோற்றுப்பானை. அதே பானையில் இன்று என்ன வேகிறது, அருகில் உள்ள குவளையில் எத்தனை கரண்டிச் சர்க்கரை கரைகிறது என்பவை எந்த மரபணுவிலும் எழுதப்பட்டவை அல்ல. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் விற்பது யாது, பிள்ளைகள் ஓடியாட எத்தனை நாழிகை உண்டு என்பவையும் அவ்வாறே மனிதர் முடிவுசெய்பவை.

முன்னோரிடமிருந்து வந்த மரபை எவரும் தேர்ந்து பெறுவதில்லை. பிள்ளைகளின் முன் வைக்கும் தட்டை ஒவ்வொரு வேளையும் தேர்கிறோம். முன்னதற்காக ஒருவரையும் பழியாமலும், பின்னதில் ஒருபோதும் சோராமலும் இருப்பதே, அறுபதுக்கு மேற்பட்ட விழுக்காடு என்னும் எண்ணைக் குறைக்க விரும்பும் குமுகாயம் செல்ல வேண்டிய வழி.